தோற்கதிரைக்கு எண்ணெய் வேண்டுமா?

கதிரை என்பது தமிழ்ச் சொல்லன்று. போர்த்துக்கேயர் தந்துவிட்டுப் போன சொற்களுள் அதுவும் ஒன்று. மேசையும் அலுமாரியும் அதனோடு ஒரே கப்பலில் வந்திறங்கியவை. தமிழகத்தார் நாற்காலி என்று நல்ல தமிழிலே வழங்க, ஈழத்தவராகிய நாம் கதிரையை விட்டு எழுந்தோமில்லை. தோல் என்ற சொல்லோ தொல்காப்பியத்திலேயே உள்ளது. அங்கே அது வனப்பு எட்டனுள் ஒன்றன் பெயர் என்பதைப் பண்டித வகுப்பு மாணவர் அறிவர். இவ்விரண்டையும் புணர்த்துத் ‘தோற்கதிரை’ என்று கரும்பலகையில் எழுதி, இஃது என்னவென்று ஒருநாள் வகுப்பிலே வினாவினேன். ‘தேர்தலிலே தோற்றவருடைய கதிரை, ஐயா’ என்று விடை வந்தது. லகரம் றகரமாகத் திரிந்த விதியை அன்று நான் இருமுறை சொல்ல வேண்டியதாயிற்று.

இலக்கணம் நிற்க. இன்று நம்மூர்களிலே தோல் போர்த்த இருக்கைகள் பெருகிவிட்டன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் ஊருக்கு வந்து தாய் தந்தையர்க்கு வாங்கிவைத்துவிட்டுப் போகும் பொருள்களுள் ‘செற்றி’ எனப்படும் நீண்ட தோலிருக்கையும் ஒன்றாகிவிட்டது. பழைய வீடுகளிலும் பாட்டனார் காலத்துத் தோற்கதிரை ஒன்று எப்படியோ தப்பிக் கிடப்பதுண்டு. இவற்றைப் பேணும் வகை யாது என்று வினாவினால், பெரும்பாலோர் தயங்காது கூறும் விடை ஒன்றே: ‘எண்ணெய் பூசு.’ அவ்விடை பிழை என்பதே நான் ஈண்டுச் சொல்லப் புகுந்தது.

தோலின்மேல் அமர்வது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படையிலே எயினப் பெண்ணொருத்தி தன் குழந்தையோடு மான்றோற் படுக்கையிற் கிடக்கின்றாள். தவத்தோர் மான்தோலிலும் புலித்தோலிலும் இருந்தனர். அதள், உரி, பச்சை என்று தோலுக்குப் பெயர்களும் பலவுண்டு. போரிட்டு வென்ற காளையின் பச்சையை மயிர் சீவாமற் போர்த்த முரசினைப் புறநானூறு பேசும். முரசு என்றவுடன் மோசிகீரனார் நினைவுக்கு வருவார். முரசு வைக்கும் கட்டில் என்று அறியாது புலவர் ஏறித் துயின்றார். சேரமான் வாளை ஓங்காது கவரி கொண்டு வீசினான். கவரியை நினைப்பவர்கள் மற்றொன்றை மறந்துவிடுகிறார்கள். அக்கட்டில் அந்நேரம் வெறிதாய்க் கிடந்தது எதனால்? முரசினை நீராட்டுதற்கு எடுத்துச் சென்றிருந்தார்கள். அது மீண்டு வருமுன்னர்ப் புலவர் வந்து படுத்துவிட்டார். தோற்பொருளை முறைவைத்துப் பேணும் வழக்கம் அன்றே இருந்தது என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். ஆயினும் அது வீரமுரசு. அதன் நீராட்டு வழிபாட்டின்பாற் பட்டது. அதனைப் படித்துவிட்டு நம் கதிரையைக் கிணற்றடிக்குத் தூக்கிச் செல்லுதல் வேண்டா.

உடம்பிலுள்ள தோல் வேறு, பதனிட்ட தோல் வேறு. இவ்வேறுபாட்டை உணராமையே எல்லாத் தீங்குக்கும் வேர். உடம்பின் தோல் எண்ணெயைத் தானே சுரக்கும்; வறண்டால் நாம் பூசுவதை ஏற்கும்; கிழிந்தால் தானே பொருந்தும். உரித்த தோலுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அப்படியே விட்டால் அழுகும். காயவிட்டால் பலகைபோல் விறைக்கும். அதனைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, துவர்ப்புடைய பட்டையோ காயோ ஊறிய நீரிலே பலநாள் கிடத்துவர். அத்துவர் தோலின் நாரிழைகளுக்குள்ளே புகுந்து அவற்றைப் பற்றிக்கொள்ளும். கொலாஜன் எனப்படும் அவ்விழைகள் துவர் பற்றிய பின்பு எளிதில் அழுகுவதில்லை. பாக்கை மென்றால் நாவும் கன்னத்தின் உட்புறமும் இறுகுவதுபோல் தோன்றுகிறதன்றோ, அதுவும் துவர் புரதத்தைப் பற்றுகின்ற செயலே. துவர் என்னும் ஒரு சொல்லாலே சுவையையும் செந்நிறத்தையும் நம் முன்னோர் குறித்தனர். பதனிட்ட தோலிலே இரண்டும் ஒருங்கே உள்ளன. சிலப்பதிகாரத்து மாதவி கூந்தலாடிய பத்துத் துவரினுள் அடங்கிய கடுக்காய், தோல் பதனிடுவோர் தொட்டியிலும் கிடந்தது என்பது மாதவிக்கு இழுக்கன்று, கடுக்காய்க்குப் பெருமை.

ஈற்றிலே பதனிடுவோர் அளவறிந்து கொழுப்பும் ஊட்டுவர். இழைகள் ஒன்றோடொன்று உராயாமல் வழுக்கிக்கொடுத்தற்பொருட்டு அது. தோலுக்கு வேண்டிய எண்ணெய் நம் வீட்டுக்கு வருமுன்னரே ஊட்டப்பட்டுவிட்டது என்பதனை வாசகர் மனத்திருத்துக. பின்னே சொல்லப்போவன எல்லாம் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

இனி, கதிரை ஒன்று நோயுற்ற வரலாற்றைப் பார்ப்போம். இலண்டனிலே அதீனியம் என்றொரு கழகம் உண்டு. எழுத்தாளரும் அறிவியலாரும் கூடுமிடமாக 1824 ஆம் ஆண்டு தோன்றியது. அதன் நூலகத்துத் தோற்கதிரைகளும் நூற்கட்டடங்களும் தொட்ட இடத்திலே பொடியாய் உதிரத் தொடங்கின. மின்னியலிற் பெரும் புகழ் பெற்ற மைக்கேல் பரடே அக்கழகத்தின் முதற் செயலாளராய்ச் சிலகாலம் இருந்தவர். 1842, 1843 ஆம் ஆண்டளவில் இந்நோய்க்குக் காரணம் காணும் பணி அவரிடம் வந்தது. அவர் தோலைக் குறை கூறவில்லை. கதிரைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை நோக்கினார். நிலக்கரி வாயுவால் எரியும் விளக்கு அது. அவ்வாயுவிலுள்ள கந்தகம் எரிந்து, காற்றின் ஈரத்தோடு கூடி அமிலமாகித் தோலிற் படிந்து அதனை அரிக்கிறது என்று கண்டார். மருந்தாக அவர் தைலம் ஒன்றும் வகுத்துக் கொடுக்கவில்லை. விளக்கின் புகையைக் குழாய் வழியே வெளியே செலுத்தும் அமைப்பைச் செய்துகொடுத்தார். நோய் தோலில், மருந்து விளக்கில்!

இதன் தொடர்ச்சியிலே நம் பக்கத்துச் செடி ஒன்றும் குற்றவாளிக் கூண்டில் ஏறுகிறது. ஆவாரை வரண்ட நிலத்திலே தானாக வளர்ந்து மஞ்சட்பூப் பூத்து நிற்பதை நம் நாட்டிலும் காணலாம். சிங்கள மக்கள் அதனை ‘ரணவரா’ என்று பெயரிட்டுப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பர். அதன் பட்டை தோலை விரைவிற் பதனிட்டு இளநிறமும் மென்மையும் கொடுக்கும். சென்னை மாகாணத்திலே ஆவாரம்பட்டையாற் பதனிட்ட ஆட்டுத்தோல் 19 ஆம் நூற்றாண்டில் இலண்டனுக்குப் பெருவாரியாகக் கப்பலேறிற்று. வந்தது சென்னையிலிருந்து, அங்காடியில் வழங்கிய பெயரோ ‘பேர்சியன்’. மலிவான நூற்கட்டடங்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. நூலகங்களிலே கட்டடங்கள் விரைந்து அழிவதைக் கண்டு, இலண்டன் கலைச் சங்கம் 1900 ஆம் ஆண்டு ஒரு குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1901 இல் வந்தது. விரிந்த நூல் 1905 இல் வெளியாயிற்று. ‘பேர்சியன்’ தோலாற் கட்டிய நூல்கள் பல, பத்தாண்டு கழியுமுன்னரே சிதையத் தொடங்கின என்று அக்குழு கண்டது. சுமாக் என்னும் இலையாற் பதனிட்ட தோலோ நெடுங்காலம் நின்றது.

ஆவாரைமேல் இக்குற்றத்தைச் சுமத்துவது எனக்கு உவப்பன்று. குற்றம் முழுதும் அதனதுமன்று. வாயுவிளக்கின் புகையும், வெயிலும், சாயம் பளிச்சிடவேண்டுமென்று சாயக்காரர் சேர்த்த கந்தக அமிலமும் பங்காளிகள் என்பதை அக்குழுவே எடுத்துச் சொன்னது. பட்டையாற் பதனிட்ட தோல் இவ்வாறு செம்பொடியாய் உதிரும் நோயைச் செவ்வழுகல் எனலாம். ‘நம் வீடுகளில் வாயுவிளக்கு ஏது?’ என்று ஒருவர் கேட்கக்கூடும். 1990 ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டு யாழ்ப்பாணம் மின்சாரமின்றி இருந்ததையும், யாம் போத்தலிலே திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்குகளையும் அவர் நினைத்துப் பார்ப்பாராக. மண்ணெண்ணெயிலும் கந்தகம் சிறிது உண்டு. அந்நாளிற் சுவரிற் படிந்த கரி கதிரையிலும் படிந்தே இருக்கும்.

எண்ணெய்க்கு வருவோம். வலிகாமத்திலே என் நண்பர் ஒருவர், இளைப்பாறிய ஆசிரியர், தம் தந்தையாரின் கதிரையை வைத்திருக்கிறார். தந்தையார் பிறக்கிராசியாராய் இருந்தவர். நாட்டை விட்டுப்போன வெள்ளைக்காரர் ஒருவரின் வீட்டுப் பொருள்கள் ஏலம் போனபோது அதனை வாங்கினாராம். தேக்குச் சட்டம், உள்ளே குதிரைமயிர், மேலே கபிலநிறத் தோல், விளிம்பெங்கும் பித்தளைக் குமிழாணி. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது வீட்டைப் பூட்டிவிட்டு இவர்களும் போனார்கள். மறுவருடம் திரும்பி வந்து பார்த்தபோது கூரையின் ஒரு மூலை போயிருந்தது. புத்தகங்களிற் பாதி கறையானுக்கு இரையாயின. கதிரை பூஞ்சணம் பூத்து வெள்ளையாய் நின்றது. நண்பரின் மனைவியார் அதனை முற்றத்து வேம்பின் நிழலிலே இரண்டு நாள் வைத்து, உலர்ந்த பழந்துணியால் துடைத்தெடுத்தார். அதன்பின் வெள்ளிதோறும் வீடு மெழுகும்போது அவ்வுலர்ந்த துணியால் ஒருமுறை துடைப்பார். அவ்வளவே. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கதிரைக்கு ஒரு குறையும் வரவில்லை.

அவ்வம்மையார் காலமானார். கனடாவிலிருந்து வந்த மகன், இத்தகைய கதிரைக்கு அங்கே எவ்வளவு விலை என்பதைச் சொல்லிவிட்டுப் போனார். நண்பருக்கு அதன்மேல் ஒரு புதிய அக்கறை பிறந்தது. தனிமையிலிருக்கும் மனிதருக்குக் கைக்கு ஒரு வேலையும் வேண்டியிருந்தது. தாம் எண்ணெய் முழுகும் சனிக்கிழமை தோறும் கதிரைக்கும் நல்லெண்ணெய் பூசலானார். பூசியபின் எண்ணெய் நன்றாக ஊறட்டும் என்று முற்றத்து வெயிலிலே வைத்தார். முதல் மாதம் கதிரை புதுப்பொலிவு பெற்றது. மூன்றாம் மாதம் நான் போனபோது, தொட்ட கை ஒட்டிற்று. கபிலநிறம் கருநிறமாயிருந்தது. கை வைக்கும் இடங்களிலே குளத்துச் சேறு காய்ந்தாற்போல வெடிப்பு.

‘பண்டிதர், காய்ஞ்சு கிடந்தால் எண்ணெய் வைக்கத்தானே வேணும்? நாங்கள் என்ன, தலைக்கு வைக்கிறேல்லையோ?’ என்று கேட்டார்.

அவருக்கு என்ன விடை சொல்வது? போரும் பூட்டிய வீடும் கெடுக்காத ஒன்றை அன்பு கெடுத்துவிட்டது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொழும்பிலே பழம்பொருள் பேணுந் தொழிலிற் பழகிய என் பழைய மாணவர் ஒருவரோடு தொலைபேசியிற் கதைத்தேன். அவர் சொன்னது இது: நல்லெண்ணெய் காற்றுப்பட நாள்பட இறுகிப் பிசின்போலாகும், தூசியைப் பிடிக்கும், பூஞ்சணத்துக்கு உணவாகும். தோல் ஒருமுறை குடித்த எண்ணெயைத் திரும்ப வாங்க வீட்டிலே வழியில்லை. சவர்க்காரம், பெற்றோல் முதலியவற்றால் அதனைக் கழுவி எடுக்கப் புகுந்தால் இருக்கின்ற தோலும் போகும். மா தூவினால் எண்ணெயை உறிஞ்சும் என்று அயலார் சொல்வர். நம் நாட்டு ஈரத்திலே அந்த மாவிலும் பூஞ்சணம் பூக்கும், எறும்பும் வரும். மேலே நிற்கும் எண்ணெயை மையொற்றுத் தாளால் ஒற்றி எடுத்து, வெயிலிலிருந்து அகற்றி, பருத்தித் துணியொன்றை விரித்து விட்டுவிடுவதே செய்யக்கூடியது. வெடிப்பு வெடிப்பே. நண்பர் அவ்வாறே செய்தார். இப்போது அதில் அவர் அமர்வதில்லை.

எண்ணெய் பூசும் வழக்கம் நம்மவர் கண்டுபிடித்த மடமை என்று எண்ணிவிடலாகாது. மேனாட்டு நூதனசாலைகளும் நெடுங்காலம் அதனையே செய்தன. பிரித்தானிய நூதனசாலை 1946 ஆம் ஆண்டு வெளியிட்ட பிளெண்டர்லீத் என்பாரின் சிறுநூல், நூற்கட்டடத் தோலுக்குக் கம்பளிக் கொழுப்பும் தேன்மெழுகும் கேதுரு மரத் தைலமும் கூட்டிய ஒரு பூச்சினை விதித்தது. உலகெங்கும் நூலகர்கள் அதனைப் பின்பற்றினர். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் பேணுவோர் தம் கைவேலையைத் தாமே திரும்பிப் பார்த்தனர். பூச்சு அழிவை நிறுத்தவில்லை. கருமையும் பிசுபிசுப்பும் எஞ்சின. ஆகவே முறைவைத்து எண்ணெய் பூசும் வழக்கத்தை அவர்கள் கைவிட்டார்கள். அறிஞர் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்ட செய்தி நம்மூர்க் கடைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை போலும். ‘தோலுக்கு உயிரூட்டும்’ என்று எழுதிய குப்பிகள் அங்கே அடுக்கிக் கிடக்கின்றன. இறந்த தோலுக்கு உயிரூட்டும் வித்தை எந்தக் குப்பியிலும் இல்லை.

அன்றியும், இக்காலத்துச் செற்றிகளுக்கு எண்ணெய் உள்ளே செல்லவே செல்லாது. 1884 ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பினால் தோல் பதனிடும் முறைக்கு உரிமை பெற்றார். பட்டையால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடந்த வேலை அதனாலே நாட்கணக்கில் முடியலாயிற்று. இன்று இருக்கைத் தோலிற் பெரும்பகுதி அவ்வகையினது. வெட்டுவாயை நோக்கின் உள்ளே நீலஞ்சார்ந்த சாம்பல்நிறம் தோன்றும். பட்டைத் தோலெனிற் கபிலம். பதனிட்ட பின்னர் மேலே நிறக்கலவை பூசி, அதன்மேல் ஒரு மெல்லிய பிளாத்திக்குப் படலமும் போர்த்துவர். நாம் தொடுவது அப்படலத்தையே. மறைவான ஓரிடத்தில் ஒரு துளி நீர் விட்டுப் பாருங்கள். முத்துப்போல நின்றால் படலம் உண்டு. உறிஞ்சிக் கருத்தால் அது படலமில்லாத வெறுந்தோல். முன்னையதை ஈரம் பிழிந்த துணியால் துடைக்கலாம். பின்னையதற்கு உலர்ந்த துணியே உரியது. பொடியுதிரும் பழந்தோலில் இச்சோதனையும் வேண்டா. நீர் பட்ட இடம் கருத்து விறைத்துவிடும்.

துடைப்பது எளிதெனினும் அதுவே தலையாய பணி. சோழகக் காற்று வீசுங் காலத்திலே நம் வீடுகளிற் புகும் புழுதி மணலன்றி வேறில்லை. அதன்மேல் அமர்ந்து எழுவது தோலை அரத்தால் அராவுவது போலாகும். சவர்க்காரம் காரத்தன்மையது, தோல் இயல்பாகச் சிறிது புளிப்புத்தன்மையது, இவ்விரண்டும் பொருந்தா. பேனை மை பட்டால் உடனே ஒற்றி எடுப்பதோடு நிறுத்துக. தேய்த்தால் அது பரவும். வாத்தியார் வீட்டுக் கதிரையில் மைக்கறை இருப்பது குற்றமுமன்று.

தலைசாயும் இடத்தைப் பற்றிச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் நாம் கதிரைக்கு எண்ணெய் பூசாவிடினும் நம் தலை பூசிவிடும். வியர்வையும் தலையெண்ணெயும் சேர்ந்து அவ்விடத்துப் படலத்தை இளக்கும். கைவைக்கும் இடங்களும் அவ்வாறே. இத்தொல்லையை 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயரும் அனுபவித்தனர். கீழ்த்திசைத் தீவாகிய செலிபிசிலுள்ள மக்காசர்த் துறைமுகத்தின் பெயரால் ஒரு கூந்தற்றைலம் அந்நாளிலே இலண்டனிற் பெருவழக்காயிருந்தது. ஆடவர் அதனைத் தலையிற் பூசிக்கொண்டு கதிரைகளிற் சாய, வீட்டுப் பெண்கள் கதிரைத் தலைப்பிலே பின்னற்றுணிகளை விரித்தனர். அத்துணிக்கு ‘அன்ரிமக்காசர்’, அதாவது மக்காசர்த்தடை, என்றே பெயர் வழங்கிற்று. நம் பழைய வீடுகளிலே கதிரைத் தலைப்பில் ஊசிப்பின்னல் துணி விரித்திருந்த அம்மையார்கள் அழகுக்காகவே செய்ததாக நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். அவ்வழக்கம் மீளவேண்டும் என்பது என் விருப்பம். வாரம் ஒருமுறை தோய்க்கக்கூடிய பருத்தித் துணியாயிருத்தல் போதும்.

பித்தளைக் குமிழாணிகளைச் சுற்றிப் பச்சைநிறத்தில் மெழுகுபோல ஒன்று படிவதுண்டு. தோலிலுள்ள கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்பும் கூடி உண்டாக்குவது அது; எண்ணெய் பூசப் பூச மிகும். ஈர்க்கின் நுனியாலோ மூங்கிற் குச்சியாலோ மெல்ல நெருடி எடுக்கலாம். குத்துவிளக்கை மினுக்குவதுபோலப் பழப்புளி போட்டு ஆணியை மினுக்கும் அம்மையார்களை நான் கண்டிருக்கிறேன். ஆணி பொன்போல் மின்னும். ஆணியைச் சுற்றிய தோல் புளியின் அமிலத்தால் வெந்துபோகும்.

மாரிகாலமே நமக்குப் பெருஞ் சோதனை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65 அல்லது 70க்கு மேலே நெடுநாள் நின்றால் தோலிற் பூஞ்சணம் பிடிக்கும். வாடைக்காற்றுக் காலத்திலே நம் நாட்டில் அதற்குக் குறைந்த நாளைத் தேடவேண்டும். ஆகவே ஈரத்தை நீக்க முயல்வதினும் காற்றை ஓடவிடுவதே தக்கது. கதிரையைச் சுவரோடு ஒட்டி வைக்காது ஒரு சாண் தள்ளி வைக்க. பகலில் யன்னலைத் திறக்க. விசிறியைச் சிறிதுநேரம் சுழலவிடுக. வெண்பொடி தோன்றினால் அது பூஞ்சணம் என்று உடனே முடிவு செய்யவும் வேண்டா. தோலின் உள்ளிருக்கும் கொழுப்பு மேலே வந்து வெண்படலமாக உறைவதும் உண்டு. தலைமயிர் உலர்த்தும் கருவியால் மெல்லிய சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சணம் மறையாது. பூஞ்சணமாயின் மூக்கையும் வாயையும் துணியாற் கட்டிக்கொண்டு, கதிரையை வெளியே நிழலிலே வைத்து, மென்றூரிகையால் தட்டிப் பின் உலர்ந்த துணியால் துடைக்க. வீட்டினுள்ளே தட்டினால் அதன் வித்துகள் அலுமாரியிலுள்ள புத்தகங்களுக்குக் குடிபெயரும். வெயில் பூஞ்சணத்தைக் கொல்லும் என்பது மெய்யே. ஈரமேறிய தோலை வெயிலின் வெப்பம் சுருக்கி விறைக்கச்செய்யும் என்பதும் மெய்யே. நண்பரின் மனைவியார் வேம்பின் நிழலைத் தேர்ந்தெடுத்ததற்கு எந்த நூலும் அவருக்குத் துணையில்லை. அதனினும் நல்ல இடத்தை எந்த நூலாலும் காட்டியிருக்க முடியாது.

தோற்கட்டடம் செய்த நூல்களுக்கும் இவையே விதி. 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்கள் சாம்பராயின. அதன்பின் நம்மிடம் எஞ்சியுள்ள பழைய பதிப்புகள் பல வீட்டலுமாரிகளிலும் ஊர் வாசிகசாலைகளிலுமே கிடக்கின்றன. 1862 ஆம் ஆண்டு வின்சுலோ அகராதி ஒன்று உங்கள் வீட்டில் இருந்து, அதன் முதுகுத்தோல் கையிற் செம்பொடியாய் உதிர்கின்றதாயின், அதற்கு எண்ணெயோ பசையோ ஒன்றும் பூசற்க. அமிலமில்லாத தாளிற் பொதிந்து, நாடாவினாற் கட்டிப் படுக்கவைத்துவிடுக.

இதுகாறும் சொல்லியன உண்மைத் தோலுக்கு. நம் வீடுகளிலே ‘லெதர்’ என்ற பெயரோடு நிற்பவற்றுட் பல தோலே அல்ல. துணியின்மேல் பூச்சுப்பூசித் தோல்போலத் தோற்றுவிக்கும் வித்தை பழையது. மான்செஸ்ரருக்கு அணித்தாகிய ஹைட் என்னும் ஊரிலே செய்யப்பட்ட ‘ரெக்சின்’ நம் பாட்டன்மார் காலத்திலேயே பேருந்து இருக்கைகளுக்கு வந்துவிட்டது. இன்றைய போலித்தோலிற் பெரும்பாலும் பொலியுரேத்தேன் என்னும் படலம் உள்ளது. காற்றிலுள்ள ஈரமே அப்படலத்தைச் சிறிது சிறிதாகச் சிதைப்பது. நம் ஈரநாட்டிலே சில ஆண்டுகளிற் செதில் செதிலாக உரியத் தொடங்கும். தோல் துகள்களை அரைத்துப் பசையிட்டு ஒட்டிய ஒருவகையும் உண்டு, அதுவும் உரியும். இதற்கு மருந்து இல்லை. வாங்குமுன் இருக்கையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, வெட்டுவாயிலே நாரிழை தெரிகிறதா, நெய்த துணி தெரிகிறதா என்று நோக்குக. நாரிழையெனில் தோல். துணியெனில், கடைக்காரர் எவ்வளவு சத்தியம் செய்தாலும், துணி.

‘பிரம்புக் கதிரைதானே நம் காலநிலைக்குப் பொருந்தும்? தோல் எதற்கு?’ என்று கேட்பாரும் உளர். பொருந்தும் என்பதே என் கருத்தும். எழுதுவதும் பிரம்புக் கதிரையிலிருந்தே. ஆயினும் வீட்டுக்கு வந்துவிட்ட பொருளை வெறுத்து ஒதுக்குவது நம் வழக்கமன்று.

இன்னும் ஒன்று. புதுச் செற்றியைக் கடையிலிருந்து இறக்கியபின், அது அழுக்குப்படக்கூடாதென்று அதன் பொலித்தீன் உறையைக் கழற்றாமலே வருடக்கணக்கில் வைத்திருக்கும் வீடுகள் பலவற்றுக்கு நான் சென்றிருக்கிறேன். அமர்ந்தால் உறை ‘சரக் சரக்’ என்கிறது, முதுகெல்லாம் வியர்க்கிறது. ஈரம் உள்ளே நின்று, அவ்வுறையின் கீழேயே பூஞ்சணம் வளர்வதையும் கண்டேன். உறையைக் கழற்றி, அந்தப் பொலித்தீனை மழைக்கு விறகு மூட வைத்துக்கொள்ளுங்கள்.